சுவாமியார் இல்லாத 29 ஆண்டுகள்

ஞாயிறு பின்னேரப் பூசைக்குப் போய்விட்டு அன்றிரவே வேலைக்கு வந்து நின்ற என்னிடம், தொழிற்சாலையில் என்னோடு ஒரே பகுதியில் வேலை செய்யும் தமிழ்ப் பொடியன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் கேட்டான்:

"சேர், நீங்கள் சரித்திரம் படிப்பிச்ச ஆள். கோவிக்காதேங்கோ. முள்ளிவாய்க்காலிலை எங்கடை சனம் கும்பிடாத கும்பிடே? என்ன நடந்தது? பிறகும் ஏன் போறியள்?"

பதினைந்து நிமிட இடைவேளையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. "பிறகு கதைப்பம், தம்பி" என்று சொல்லிவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டேன். அந்தக் கேள்வி நியாயமானது. மதத்தை மக்களின் அபின் என்று சொல்லிப் பழகிய ஒரு தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்த வாசகத்தை எடுத்தாள்பவர்கள் பலர், அதே பந்தியில் மார்க்ஸ் மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சாகவும் கண்டார் என்பதை விட்டுவிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மேற்கோள்களால் அவனுக்குப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. நான் இறையியலாளனும் அல்லன். எனக்குத் தெரிந்த துறை வரலாறு. எனவே எமது மண்ணின் வரலாற்றிலிருந்து ஒரு காலப்பகுதியை எடுத்து, துன்பத்தின் நடுவே வழிபாடு மனிதருக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதைப் பார்க்க முயல்கிறேன்.

*

யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கம் பெரும்பாலும் அதிகாரத்தின் நிழலிலேயே பரவியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது. 1621இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. அக்காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் எத்தனை பேர் நம்பிக்கையினால் பெற்றார்கள், எத்தனை பேர் பயத்தினாலும் பதவி ஆசையினாலும் பெற்றார்கள் என்று பிரித்தறிவது எளிதல்ல. நல்லூர் இடிபட்ட நினைவு எமது சைவ உறவினர்களின் மனதில் இன்றுமுண்டு. அதை மறைத்துவிட்டு எழுதப்படும் திருச்சபை வரலாறு நேர்மையானதாக இருக்க முடியாது.

1658இல் நிலைமை தலைகீழாக மாறியது. அந்த ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தன. யாழ்ப்பாணக் கோட்டையைத் திரும்பப் பிடிக்கும் சதியொன்றும் அதே ஆண்டில் வெளிப்பட்டது. கத்தோலிக்கக் குருமார் அனைவரையும் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரின் ஒற்றர்களாகவே நோக்கினர். 1658 செப்ரெம்பர் 19ஆம் திகதி வெளியான கட்டளை, கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று அறிவித்தது. கோயில்கள் புரட்டஸ்தாந்து தேவாலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. பள்ளிக்கூட ஆசிரியரே பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பில் பதியும் உத்தியோகத்தராகவும் இருந்தார். ஒல்லாந்தத் திருச்சபையில் பதியாத விவாகத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. அந்தத் திருச்சபையில் சேராதவருக்கு உத்தியோகமும் இல்லை. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் குற்றப்பணம் கட்ட வேண்டியிருந்தது.

1658இலிருந்து 1687 வரை, அதாவது 29 ஆண்டுகள், ஒல்லாந்தரின் ஆட்சிக்குட்பட்ட தமிழ்ப் பகுதிகளில் கத்தோலிக்கருக்கென்று நிலையாகத் தங்கியிருந்த சுவாமியார் எவருமில்லை. பூசையும் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் இல்லை. கத்தோலிக்கத்தின் கட்டமைப்பை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வெறுமை என்பது விளங்கும். குருவையும் பீடத்தையும் மையமாகக் கொண்ட ஒரு சமயத்திலிருந்து அந்த இரண்டும் பறிக்கப்பட்டால் எஞ்சுவது என்ன?

எஞ்சியது வீடு. வீட்டுக்குள் வாயால் சொல்லக்கூடிய செபம். கையில் மறைத்து வைத்திருக்கக்கூடிய செபமாலை. சாகக் கிடக்கும் ஒருவரின் தலைமாட்டில் சொல்லும் மன்றாட்டு. சுவாமியார் இல்லாத அவசரத்தில் சாதாரண மனிதர் ஒருவரே தண்ணீர் ஊற்றிக் கொடுக்கக்கூடிய ஞானஸ்நானம். எமது ஊர்களில் மூப்பர், உபதேசியார், அண்ணாவியார் என்று நாம் இன்றும் அழைக்கும் பொதுநிலையினரின் கைகளில் வழிபாடு தங்கியிருந்தது. மடு மாதாவின் வரலாற்று மரபும் இக்காலத்துக்குரியதே. 1670இல் மாந்தையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடி, மருதமடுவில் தங்கின என்பது அந்த மரபு. இன்று பெருங்கோயிலாக நிற்கும் மடு, அகதிகள் தங்கிய ஒரு காட்டுக் கொட்டிலிலிருந்தே தொடங்கியது.

*

1687இல் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி, கூலியாளின் வேடத்தில் கோவைக் குரு ஒருவர் இலங்கைக்கு வந்தார். அவர்தான் யோசப் வாஸ். கொங்கணி பேசும் குடும்பத்தில் 1651இல் பிறந்தவர். இலங்கையில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. அவருடன் வந்தவர் யோவான் என்ற இளைஞர் மட்டுமே. யாழ்ப்பாணத்துக்கு வந்த தொடக்கத்தில் வயிற்றோட்டம் கண்டு சாகும் நிலையில் தெருவோரத்தில் கிடந்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

தேறியெழுந்த அவருக்கு ஒரு பிரச்சினை இருந்தது. இங்கே கத்தோலிக்கர் யார் என்று எப்படி அறிவது? கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. அவர் ஒரு பெரிய செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தார். இந்த நிகழ்ச்சியைப் பக்தி நூல்கள் வாஸ் முனிவரின் சாதுரியத்துக்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. வரலாறு படித்தவனாக எனக்கு அது வேறொன்றையும் காட்டுகிறது. 29 ஆண்டுகளின் பின்னரும் அந்த மணிக்கோவையைக் கண்டு முகம் மாறக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள்! 1658இல் பிறந்த ஒரு பிள்ளைக்கு 1687இல் 29 வயது. அந்தப் பிள்ளை சுவாமியார் ஒருவரைத் தன் வாழ்நாளில் கண்டிராது. ஆயினும் செபமாலையின் பொருள் அதற்குத் தெரிந்திருந்தது என்றால், யாரோ ஒரு தாய் அல்லது ஆச்சி கதவைச் சாத்திவிட்டு அதனைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வாஸ் முனிவர் இங்கு வந்து திருச்சபையை உண்டாக்கவில்லை. இருந்த ஒன்றைக் கண்டுபிடித்தார்.

அவர் சில்லாலையில் தங்கி, இரவுகளில் ஊர் ஊராகப் போய்ப் பூசை வைத்து, விடியுமுன் திரும்பினார். 1690ஐ அண்டிய ஒரு நத்தார் இரவில், வழிபாட்டுக்காகக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் சுற்றிவளைத்தனர். பலர் பிடிபட்டனர். முக்கியமானவர்கள் கசையடி பட்டனர். வாஸ் முனிவர் தப்பினார். அவர் எங்கே என்று காட்டிக்கொடுத்திருந்தால் அடி குறைந்திருக்கும். அவர்கள் காட்டிக்கொடுக்கவில்லை.

இவற்றையெல்லாம் நாம் பெரும்பாலும் அவரது சபையைச் சேர்ந்தோரின் கடிதங்கள், நூல்கள் வாயிலாகவே அறிகிறோம். புனிதரின் புகழ் பாடும் நோக்கம் அவற்றில் உண்டு. ஆனாலும் கத்தோலிக்கருக்கு எதிரான கட்டளைகளை ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டிலும் திரும்பத் திரும்பப் புதுப்பித்து வந்தனர். ஒரு சட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தால், அது மீறப்பட்டுக்கொண்டே இருந்தது என்பதுதான் பொருள்.

*

மறுபக்கத்தையும் பார்க்கலாம். ஒல்லாந்தரின் பதிவேடுகள் யாழ்ப்பாணப் பகுதியில் மட்டும் இலட்சத்துக்கு மேற்பட்ட கிறிஸ்தவர்களைக் காட்டின. 1795-96இல் ஆங்கிலேயர் வந்தனர். பதவிக்கும் பதிவுக்கும் ஞானஸ்நானம் தேவையில்லை என்றானதும் அந்த இலட்சம் கரைந்து போயிற்று. பெயருக்குப் புரட்டஸ்தாந்தராக இருந்தவர்களில் மிகப் பலர் உள்ளுக்குள் சைவர்களாகவும் ஏனையோர் கத்தோலிக்கர்களாகவும் வாழ்ந்திருந்தனர். 1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையில் வந்திறங்கியபோது அங்கே கூரையில்லாத தேவாலயச் சுவர்களைத்தான் கண்டனர். இதற்கிடையில், 1806இல் தேசாதிபதி மெயிற்லண்டின் காலத்தில் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீக்கப்பட்டன. அவர்கள் வெளியே வந்து கோயில் கட்டத் தொடங்கினர்.

இதனைக் கத்தோலிக்கத்தின் வெற்றி, புரட்டஸ்தாந்தத்தின் தோல்வி என்று வாசிப்பது தவறு. 1759இல் தமிழில் புதிய ஏற்பாடு கொழும்பில் அச்சானது ஒல்லாந்தத் திருச்சபையின் முயற்சியால்தான். அதை மொழிபெயர்த்தவர் பிலிப்பு தெ மெல்லோ என்ற உள்ளூர்ப் போதகர். அந்த உழைப்பு உண்மையானது. போர்த்துக்கேயர் கட்டாயத்தினால் சேர்த்தவர்களிலும் பலர் 1658இன் பின் போய்விட்டனர். அரசு பிடித்து வைத்த சமயம் அரசோடு போனது. மனிதர் தாமே பிடித்து வைத்த வழிபாடு மிஞ்சியது. இரு ஆட்சிகளிலும் நடந்தது இதுதான். சைவத்தின் வரலாறும் இதையே சொல்கிறது: கோயில் இடிபட்ட காலத்திலும் வீட்டுக் கோடியில் வாழையிலை போட்டுக் கும்பிட்டவர்களால்தான் சைவம் மிஞ்சியது.

*

அந்த வழிபாட்டில் என்ன இருந்தது என்பதே அடுத்த கேள்வி.

வாஸ் முனிவரின் பின்னர் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 1742இல் இறக்கும்வரை சிங்களத்திலும் தமிழிலும் செபங்களும் பாடல்களும் வசனநூல்களும் எழுதினார். ஒல்லாந்தரின் அச்சியந்திரம் அவருக்குக் கிடைக்காது. அவை ஏட்டில் எழுதப்பட்டுப் படியெடுக்கப்பட்டுப் பரவின. அவரது 'வியாகுலப் பிரசங்கம்' தபசு காலத்தில் எமது பகுதிகளில் இன்றும் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. எனது அம்மா அதைக் கேட்டு அழுவா. சிறுவயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன் செத்த ஒருவருக்காக ஏன் இந்த அழுகை என்று நினைத்தேன்.

பிற்பாடு அதை ஒரு வரலாற்று ஆவணமாகப் படித்தபோதுதான் விளங்கியது. இரவில் ஆயுதத்தோடு வந்து பிடித்துச் செல்லப்படுபவர், நண்பனால் காட்டிக்கொடுக்கப்படுபவர், கற்றூணில் கட்டி அடிக்கப்படுபவர், பிள்ளையின் உடலை மடியில் வாங்கும் தாய் - பாடுகளின் கதை முழுவதும் இவர்களே. ஒல்லாந்தர் காலத்துக் குடியானவனுக்கு இது தூரத்துக் கதையா? நத்தார் இரவில் அடிபட்டவனுக்கு, தான் கும்பிடும் கடவுளும் அடிபட்டவர் என்பது ஒரு தத்துவம் அல்ல. அவன் முதுகு அறிந்த செய்தி. அவன் அழும்போது தனக்காகவும் அழுகிறான், அவருக்காகவும் அழுகிறான். இரண்டையும் பிரிக்க முடியாது. துன்பத்தில் வழிபாடு மனிதரைக் கடவுளுக்கு அருகே கொண்டுபோகும் வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன். துன்பத்தை அது எடுத்துவிடுவதில்லை. அதைச் சொல்லுவதற்கு ஒரு மொழியையும், சேர்ந்து சொல்ல ஒரு கூட்டத்தையும், கேட்பதற்கு அடிபட்ட ஒருவரையும் தருகிறது.

*

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1995 யூலை 9ஆம் திகதி, இராணுவம் முன்னேறுகிறது என்று எங்கள் ஊர்ச் சனமெல்லாம் வெளிக்கிட்டது. நாங்கள் காலையில் நவாலிப் பக்கத்தால் போய்விட்டோம். பின்னால் வந்தவர்கள் களைத்துப்போய் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் இருந்தார்கள். அன்று மாலை விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோயிலில் இருந்தால் பாதுகாப்பு என்று நம்பி இருந்தவர்கள் அவர்கள். வழிபாடு காப்பாற்றும் என்று எவராவது என்னிடம் சொன்னால், நவாலியில் செத்தவர்களின் பெயரால் நான் மறுப்பேன். அன்றிலிருந்து நான் செபம் சொல்வதை விட்டேன்.

அதே ஆண்டு ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மழை. செம்மணி வெளியில் முன்னாலும் பின்னாலும் அசைய இடமில்லை. இருட்டில் எனக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒரு வயதுபோன அம்மா செபமாலை தொடங்கினா. அவவின் முகத்தை நான் காணவில்லை. அவ முதற்பாதியைச் சொல்ல, அங்கொருவரும் இங்கொருவருமாக மறுபாதியைச் சொன்னார்கள். பத்துப் பதினைந்து குரல்கள் இருக்கும். அவர்களில் யாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தின் பின் மறுபாதியைச் சொல்லும் குரல்களில் ஒன்று என்னுடையது என்பதைக் கவனித்தேன். நான் எதையும் நம்பத் தொடங்கிவிட்டேன் என்றில்லை. அந்த அம்மாவின் செபத்தைப் பாதியில் விட மனம் வரவில்லை. அவ்வளவுதான். விடிய நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை அது நடந்தது.

சுவாமியார் இல்லாத 29 ஆண்டுகளைப் பற்றி நான் அதற்கு முன்னரே வாசித்திருந்தேன். செம்மணி வெளியில்தான் அது எப்படி நடந்திருக்கும் என்று அறிந்தேன். எல்லாரிடமும் நம்பிக்கை இருந்திருக்காது. சிலரிடம் பாதி இருந்திருக்கும். ஒருவர் தொடங்க மற்றவர் முடித்திருப்பார். தனியே நிற்கும்போது எனக்கு இல்லாத கடவுள், அந்தக் கூட்டத்தின் நடுவே எனக்கு அருகில் இருந்தார் என்பதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

*

எனினும், கடவுளுக்கு அருகே வந்துவிட்டதாக எண்ணும் மனிதர் பக்கத்திலிருப்பவருக்கு அருகே வந்தாரா என்று கேட்காவிட்டால் இக்கட்டுரை அரைகுறையானது. எமது கோயில்களில் சாதிக்கொரு பக்கம் இருந்தது. சாதிக்கொரு சேமக்காலை இருந்தது. ஒல்லாந்தரின் சவுக்கைத் தாங்கிய சமூகம், தன் பக்கத்து வாங்கில் இருந்தவனைத் தாங்கவில்லை. இது வெளியிலிருந்து வந்த அடக்குமுறையல்ல, எங்களுடையது. வாஸ் முனிவரின் கோவைச் சபையிலும் பிராமணக் குடும்பத்தவர்களே குருக்களாகச் சேர்க்கப்பட்டனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே வாஸ் முனிவர் 1692இல் கண்டிக்குப் போய், ஒற்றர் என்று சிறைப்பட்டு, விடுதலையான பின், 1697இல் அங்கே அம்மைநோய் பரவியபோது செய்தது வேறு. அரசனும் வசதியுள்ளோரும் நகரத்தை விட்டு ஓடினர். நோயாளிகளை உறவினரே காட்டோரம் விட்டனர். அவரும் அவரது மருமகனான கர்வாலோ சுவாமியாரும் வீடு வீடாகப் போய், நோயாளிகளைக் கழுவி, கஞ்சி கொடுத்து, செத்தவர்களைத் தாமே புதைத்தனர். புத்தர், கத்தோலிக்கர் என்று பார்க்கவில்லை. இரவில் மறைவாகப் பூசை வைத்தவரின் வழிபாடு பகலில் அந்த வேலையாக மாறியது. 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றே மடுவுக்கும் போனார். எனக்கு அவரது புனிதத்தின் சான்று அந்தக் கஞ்சிதான்.

*

மடுவையும் போர் விடவில்லை. 1990களில் அது ஆயிரக்கணக்கானோரின் அகதி முகாமானது. 1999 நவம்பரில் கோயில் வளவில் எறிகணை விழுந்து 30க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2008 ஏப்பிரலில் சுவாமிமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 1670இல் மாந்தையிலிருந்து ஓடிய அதே மாதா, 338 ஆண்டுகளின் பின் மறுபடியும் ஓடினா. பெருங்கோயிலும் கிரீடமும் வந்த பின்னரும் அவ அகதிதான்.

ஒவ்வோர் ஓகஸ்டிலும் ஜேர்மனியிலும் அயல் நாடுகளிலும் இருந்து எமது சனம் ஆயிரக்கணக்கில் கேவலாரில் கூடுகிறது. சைவச் சனமும் வந்து மெழுகுதிரி கொளுத்துகிறது. முப்பதாண்டுப் போரின் நடுவே, 1642இல், ஊரூராகச் சாமான் விற்ற ஓர் ஏழை வியாபாரி அமைத்த சிறு கூடு அந்தக் கோயிலின் ஆரம்பம். உள்ளே இருப்பது பெரிய சுரூபம் அல்ல. உள்ளங்கையளவு அச்சுப்படம். போர்க்காலத்தில் சிப்பாய்கள் கொண்டுவந்தது. துன்பப்படுவோரின் தேற்றரவு என்பது அந்த மாதாவின் பெயர். எமது சனம் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது தற்செயலல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கேயும் சுரூபம் யார் தூக்குவது, முன்னால் யார் நடப்பது என்று எங்களுக்குள் பிணக்குப்படுகிறோம். ஊரிலிருந்து அதையும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருக்கிறோம்.

தம்பிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. முள்ளிவாய்க்காலில் கும்பிட்டவர்கள் ஏன் காப்பாற்றப்படவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இருப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதுமில்லை. ஆனால் "பிறகும் ஏன் போறியள்?" என்ற இரண்டாவது கேள்விக்கு ஒரு பதில் உண்டு. செம்மணி வெளியில் முகம் தெரியாத ஓர் அம்மா தொடங்கிய செபத்தின் மறுபாதி இன்னும் முடியவில்லை. அவ சொன்னதை யாரோ 1658இலிருந்து அவவுக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் போகாவிட்டால் அந்த வரிசையில் ஒரு குரல் குறையும்.

அடுத்த ஓகஸ்டில் கேவலாருக்கு என்னோடு காரில் வர இடமிருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். கும்பிட வேண்டியதில்லை, வந்து சனத்தைப் பார் என்றேன். "பார்ப்பம் சேர்" என்றான்.